ஓர் ஆணியின் நிறை

நிலாவெளி உப்பளத்தின் சோதனை அறை
பத்தடிக்கு எட்டடி.
ஒரு மின்தராசு, சின்ன மின்னடுப்பு,
கால் ஆடுகிற மேசை,
கச்சான் காற்று தள்ளித் திறக்கிற கதவு.
இதற்குள்தான் என் எட்டு மணித்தியாலம்.

காலையில் பியசீலி போத்தல்களோடு வருவாள்.
ஒவ்வொன்றிலும் பாத்தி இலக்கம்,
அவளுடைய சாய்ந்த எழுத்தில்.
நான் வெள்ளி நைத்திரேற்று ஒரு துளி விடுவேன்.
தெளிந்த நீருக்குள்
தயிர் உறைந்தாற்போல் ஒரு வெண்மை:
உள்ளே இருக்கிறேன் என்று
குளோரைட்டு வைக்கும் கைநாட்டு.

பள்ளிக்கூடத்தில் இதற்குப் பெயர் சேர்வை.
காயத்துக்குப் பூசும் மருந்துக்கூட்டு என்று
பரீட்சையில் எழுதினேன். இரண்டு புள்ளி போனது.
இன்று கேட்டால் இப்படி எழுதுவேன்:
தண்ணீர் பட்டால் சீறிப் பற்றுகிற ஓர் உலோகம்,
நெஞ்சுக்குள் போனால் கிழிக்கிற மஞ்சட்பச்சை வாயு.
இரண்டுக்கும் நடுவே
கைமாறியது ஒரேயோர் இலத்திரன்.
அதற்குப் பிறகு
சோற்றில் போடலாம்.

இருபத்துமூன்று பங்குக்கு முப்பத்தைந்தரை.
ஆனையிறவிலும் அதுதான், புத்தளத்திலும் அதுதான்.
இந்தக் கணக்கில் பேரம் பேச இடமில்லை,
மூதூர் சவுபர் நானாவுக்குக்கூட.

அவர் போன மாரியில் ஒரு மூட்டையோடு வந்தார்.
"உங்கட உப்பு அழுகுது, பிள்ளை."
சாக்கின் அடி நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.
அழுவது உப்பில்லை நானா, என்றேன்.
கடல் ஒரு கலவை,
வெயிலில் அது வரிசையாய் இறங்கும்:
முதலில் சுண்ணாம்பு, அடுத்து ஜிப்சம், பிறகு உப்பு,
எல்லாரும் போன பின்னும் எழும்பாமல்
மகனீசியம் குளோரைட்டு.
அந்தக் கடைசி நீரை வடிக்காமல்
யாரோ அவசரத்தில் வாரியிருக்கிறார்கள்.
அதுதான் காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம்
வீட்டுக்குக் கூப்பிடுகிறது.
அவர் ஒரு கல்லை நாக்கில் வைத்தார்.
"கசக்குது," என்றார்.
"அப்ப விலையைக் குறையுங்கோ."

புல்மோட்டையில் வேலை செய்கிற என் மச்சாள்
யோகட் கோப்பையில் கறுப்பு மணல் அனுப்பியிருக்கிறாள்.
அங்கே பெரிய காந்தங்கள்
கறுப்பை வெள்ளையிலிருந்து பிரிக்குமாம்.
ஆனால் அந்தக் கறுப்புப் பருக்கைக்குள்
இரும்பு தைத்தேனியத்தோடும் ஒட்சிசனோடும் இருக்கிறது.
எவ்வளவு பெரிய காந்தம் வந்து அழைத்தாலும்
இரும்பு தனியே எழுந்து போகாது.
பருக்கை முழுதாய்த்தான் போகும்.

இனி ஆணி.

கதவின் பிணைச்சல் கழன்ற அன்று
வாங்கியதில் ஒன்று மிஞ்சியது.
கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு
கடல் பார்த்த யன்னலில் வைத்தேன்.
திங்கட்கிழமைதோறும் நிறுத்தேன்.

42.816 கிராம்.
42.829.
42.857.

"துரு தின்னுது," என்றாள் பியசீலி.
தின்னப்படுவது எப்படிக் கனக்கும்?
தராசைத் துடைத்தேன். மீண்டும் நிறுத்தேன்.
கனத்தது.
காற்றிலிருந்தும் ஈரத்திலிருந்தும் எதுவோ வந்து
ஓசையில்லாமல் அதில் குடியேறிக்கொண்டிருந்தது.

சீனன்குடாக் காட்டில்
யுத்தகால எண்ணெய்த் தாங்கிகள் கரைகின்றன என்பார்கள்.
உதிர்ந்து மண்ணோடு போனதை யார் நிறுத்தார்கள்?
கிண்ணத்தோடு சேர்த்து நிறுக்க வேண்டும்,
விழுந்த தூளையும் விடாமல்.

பதிவேட்டில் ஆணிக்கு நிரல் இல்லை.
'ஏனையவை'யில் எழுதுகிறேன்.
மேற்பார்வையாளர் இன்னும் கேட்கவில்லை.

வாடை தொடங்கி பாத்திகள் மூடிய நாள்
பியசீலி கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்தாள்.
"இதைத் திரும்ப இரும்பாக்க ஏலாதா?"
ஏலும். காபன் வேணும்,
ஊது உலை அளவுக்கு நெருப்பு வேணும்.

எங்களிடம் இருந்தது சின்ன மின்னடுப்பு.
அதில் தேத்தண்ணி வைத்தோம்.